சென்செய்க்கு இன்னும் ரெண்டு இடியப்பம்

முதலில் போனது என்னுடைய அறை. ஜப்பானிலிருந்து ஒரு கெண்டோ மாஸ்டர் வரப்போகிறார், இரண்டு கிழமை நிற்பார், ஹோட்டலில் விட்டால் மரியாதையில்லை, ஆகவே எங்கள் வீட்டில்தான் தங்குவார் என்று மாமா அறிவித்தார். அறிவித்தவர் அந்த வீட்டில் குடியிருப்பவர்கூட இல்லை. அம்மாவின் தம்பியான அவர் பாமன்கடை என்ற இடத்தில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குத் தவறாமல் வருவார். ஆனாலும் எங்கள் வீட்டில் யார் எங்கே படுப்பது என்பதை அவரே தீர்மானித்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. என் புத்தகங்களையும் உடுப்புகளையும் அட்டைப் பெட்டிகளில் போட்டு, அண்ணா படுக்கும் ஹோலில் சோபாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாமா ஜப்பானில் ஏழு வருடம் இருந்தவர். கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அந்த ஊர் ஜிம்மில் வேலை முடிந்த மாலைகளில் கெண்டோ பழகியிருக்கிறார். திரும்பி வந்தபோது ஒரு கட்டு மூங்கில் வாள்களும், எதற்கெடுத்தாலும் "ஜப்பானில எண்டால்" என்று தொடங்கும் பழக்கமும் கூடவே வந்தன. ஜப்பானில் என்றால் ரயில் பிந்தாது. ஜப்பானில் என்றால் குப்பையைக் கழுவித்தான் போடுவார்கள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொள்வார். அதற்குள் அவர் சிரிக்கிறாரா பல்லைக் கடிக்கிறாரா என்று தெரியாது.

கெண்டோ என்பது மூங்கில் வாளால் ஒருவர் தலையில் ஒருவர் அடிக்கும் ஜப்பானிய விளையாட்டு. அப்படிச் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். ஆனால் அதுதான் உண்மை. அடிபடாமல் இருக்கத் தலைக்கும் மார்புக்கும் கைக்கும் கவசம் உண்டு. எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. வைபவம் இல்லாத காலைகளில் அதன் மேல்மாடியை மாமா கேட்டு வாங்கி ஒரு கிளப் தொடங்கியிருந்தார். நானும் அண்ணாவும் கட்டாய உறுப்பினர்கள். தெஹிவளையிலிருந்து இரண்டு சகோதரர்கள், கொள்ளுப்பிட்டியில் வங்கியில் வேலை செய்த ஒரு சிங்கள அண்ணன், கொட்டாஞ்சேனையிலிருந்து என்னளவே உயரமான ஒரு பையன். அவ்வளவுதான் கிளப். வாள் இருந்தது, கவசம் இல்லை. அதனால் நாங்கள் காற்றையே அடித்துக்கொண்டிருந்தோம். கத்திக்கொண்டு அடிக்க வேண்டும் என்பது விதி. கீழே மண்டபக் காவலாளி பயந்துபோய், "மொகக்த மே?", என்ன இது, என்று சிங்களத்தில் கேட்டபடி படியேறி வந்துவிட்டுப் போவார்.

அந்தக் கவசங்களைத்தான் மாஸ்டர் கொண்டுவரப் போகிறார் என்றார் மாமா. பழையவைதான், அவருடைய ஊர்ப் பிள்ளைகள் போட்டு வளர்ந்து கழற்றியவை. அதில் சின்ன அளவில் ஒன்றே ஒன்று. அந்த அளவில் கிளப்பில் இரண்டு பேர், நானும் கொட்டாஞ்சேனைப் பையனும். கடைசி நாளில் மாஸ்டர் பரீட்சை வைப்பார், கவசம் அணிந்து அவருடைய தலையில் ஓர் அடியாவது ஒழுங்காக அடிக்க வேண்டும், நன்றாகச் செய்பவருக்கு அந்தக் கவசம் சொந்தம் என்று மாமா சொன்னார். அந்த நிமிடத்திலிருந்து என் அறை போனதைக்கூட நான் மன்னிக்கத் தயாரானேன். எனக்கு அந்தக் கவசம் வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

அம்மாவுக்கு இருந்த கவலை வேறு. "அவை வீட்டில என்ன சாப்பிடுவினம்?" என்று மாமாவைக் கேட்டார்.

"சோறு, மீன், சூப். எல்லாம் எங்கட மாதிரித்தான் அக்கா. நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார் மாமா. ஏழு வருடம் இருந்தவர் சொன்னால் சரிதானே. அம்மா யோசிப்பதை விட்டுவிட்டு மீன்கடைக்குப் போனார்.

வந்தவர் சின்ன உருவம். அறுபது தாண்டிய, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். அந்த ஊர் ஜிம்மில் மாமாவுக்குக் கெண்டோ பழக்கியவர் அவர்தான். ஆசிரியரை அங்கே சென்செய் என்றுதான் கூப்பிடுவார்களாம். அம்மா வாசலில் நின்று "வாங்கோ வாங்கோ, உள்ள வாங்கோ" என்றதும் செருப்பைக் கழற்றி, திருப்பி, வெளிப்பக்கம் பார்க்க நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். அதைப் பார்த்த அம்மா அன்று முழுக்க எங்கள் செருப்புகளைக் குறை சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் அம்மா அதே வாங்கோவைச் சொன்னார். அவரும் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் முதல் தடவை வருபவர் போலக் குனிந்துவிட்டு வந்தார். ஒரு மனிதருக்கு இத்தனை தரம் குனிய முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது.

பயிற்சியோ அதைவிட எரிச்சல். வாளை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டார். முதலில் நிலத்தைத் துடைக்க வேண்டும். முந்திய நாள் கல்யாணத்தின் சாந்தும் பூவிதழும் ஒட்டியிருந்த நிலத்தை நாங்கள் குனிந்து, துணியைத் தள்ளிக்கொண்டு ஓட, அவரும் கூடவே ஓடினார். பிறகு கால். இடது குதியை உயர்த்தி, வலது காலை வழுக்கி, முன்னே போய்ப் பின்னே வர வேண்டும். அடுத்த நாளும் கால்தான். அதற்கடுத்த நாளும் அதேதான். "இதுக்கோ நான் ரெண்டு பஸ் ஏறி வாறன்?" என்று கொட்டாஞ்சேனைப் பையன் என் காதில் முணுமுணுத்தான். கவசத்துக்கு அவன் எனக்கு எதிரிதான். ஆனாலும் அந்த விஷயத்தில் நாங்கள் ஒரு கட்சி. கவசங்கள் இரண்டு பெரிய பெட்டிகளில் சுவரோரமாகத் திறக்கப்படாமலே கிடந்தன.

வீட்டில் இன்னொரு அநியாயம். சென்செய் தன் நீல உடுப்பைத் தானே தோய்ப்பேன் என்றார். விருந்தாளி தோய்ப்பதாவது என்று அம்மா பறித்துக்கொண்டு போய் எங்கள் உடுப்புகளோடு சேர்த்து மெஷினில் போட்டார். அது அவுரிச் சாயம். அப்பாவின் வெள்ளைச் சாரமும் என் பள்ளிக்கூடச் சீருடையும் நீலமாகி வெளியே வந்தன. அந்தக் கிழமை முழுவதும் நான் வெளிர்நீலச் சீருடையில் பள்ளிக்கூடம் போனேன். ஒவ்வொரு ரீச்சருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ஜப்பான்காரர் என்று தொடங்கினால் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது சாப்பாட்டு மேசையைப் பற்றி.

முதல் இரவு இடியப்பமும் சொதியும், மீன் குழம்பும், கணவாய்ப் பிரட்டலும், சம்பலும். சென்செய் கைகூப்பி, கரண்டியால் எடுத்து, நிதானமாக எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார். தட்டில் ஒரு கறிவேப்பிலைகூட மிச்சமில்லை. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாவம், நல்ல பசியோட வந்திருக்கிறார்" என்று மறுபடியும் வைத்தார். அதையும் முடித்தார். "மாஸ்டருக்குப் பிடிச்சுப்போச்சு, இன்னும் ரெண்டு இடியப்பம் வை" என்று மாமா பக்கத்திலிருந்து ஊக்கம் கொடுத்தார். சென்செய் மாமாவை ஒரு தரம் பார்த்தார், தட்டை ஒரு தரம் பார்த்தார், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு அதையும் முடித்தார்.

எங்கள் வீட்டில் காலித் தட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். போதும் என்றால் தட்டுக்கு மேலே கையைக் குறுக்கே வைத்து மறைப்போம், அல்லது கொஞ்சம் மிச்சம் விட்டு எழும்புவோம். கையை வைத்த பிறகும் அம்மா விரலிடுக்கால் ஒன்றை வைத்துவிடுவார், அது வேறு. சென்செய் கையையும் வைக்கவில்லை, மிச்சமும் விடவில்லை. வைக்க வைக்கச் சாப்பிட்டார். காலையில் புட்டு, மத்தியானம் சோறு, பின்னேரம் வடை, இரவு மறுபடியும். அம்மா வழக்கத்தைவிட அரைப்பங்கு கூட்டிச் சமைத்தார், அதுவும் முடிந்தது, அடுத்த நாள் இரண்டு பங்காக்கினார். இப்படி ஒருவர் தன் சமையலைச் சாப்பிட்டதை அம்மா கல்யாணம் முடித்த நாளிலிருந்து கண்டதில்லை. அப்பாவைப் பார்த்து, "பாருங்கோ, ருசி தெரிஞ்ச மனிசர்" என்றார். நீலச் சாரத்தில் உட்கார்ந்திருந்த அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

எனக்குப் பொறாமை. நல்ல மீன் துண்டெல்லாம் சென்செய்க்கு. அண்ணாவுக்கு அது வேடிக்கை. இன்றைக்கு எத்தனை தரம் நிரம்பும் என்று மேசைக்குக் கீழே விரலால் எண்ணிக்கொண்டிருப்பான். சென்செய் இரவில் நெடுநேரம் பால்கனியில் கடலைப் பார்த்தபடி நின்றார். கரையோர ரயில் போய் வருவதை ரசிக்கிறார் என்று மாமா விளக்கம் சொன்னார். இப்போது யோசித்தால், அந்த மனிதருக்கு உட்கார முடிந்திருக்காது.

இரண்டாம் கிழமையின் நடுவில் ஒரு காலை அவர் எழும்பவில்லை. என் அறையில், என் முயல்குட்டிப் படுக்கை விரிப்பில், முகம் வெளுத்து, வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தார். அம்மா கொத்தமல்லித் தண்ணியோடு ஓடினார். மாமா வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வந்தார். ஒழுங்கை முனை டிஸ்பென்சரி டொக்டர் படியேறி வந்து, வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மாவே முந்திக்கொண்டு தமிழில் பதில் சொன்னார். பதில் நீண்டுகொண்டே போக, டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இவ்வளவையும் ஏன் சாப்பிட்டவர்?" என்று எங்களிடம் கேட்டுவிட்டு, அவரிடமும் ஆங்கிலத்தில் கேட்டார்.

சென்செய் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார். எங்கள் நாட்டில் ஒரு வீட்டில் கொடுத்ததை மிச்சம் விடுவது பெரிய மரியாதைக்குறைவு. இங்கே முடிக்க முடிக்க வருகிறது. முடித்துக்காட்டத்தான் வேண்டும் என்று நினைத்தேன். கெண்டோ இதைவிடச் சுலபம்.

டொக்டர் முதலில் சிரித்தார். பிறகு அண்ணா, பிறகு அப்பா. அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வாயில் கைவைத்தபடி மாமாவின் பக்கம் திரும்பினார்.

"டேய், நீ ஏழு வருஷம் அங்க இருந்தனி தானே? அவையின்ர வீடுகளில சாப்பிட்டனி தானே? தட்டைக் காலியாக்கினால் போதும் எண்டுதான் அர்த்தம் எண்டு உனக்குத் தெரியாதோ? நான் அந்த மனிசரைக் கொல்லப் பாத்திருக்கிறன்."

மாமா ஜன்னல் பக்கம் பார்த்தார். "மறந்து போச்சு, அக்கா" என்றார்.

"மறக்கிற விஷயமோ அது?" என்றார் அப்பா. இத்தனை நாளும் கேட்ட 'ஜப்பானில எண்டால்' எல்லாவற்றுக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்த சந்தர்ப்பம் அது.

அம்மா என்ன சொல்கிறார் என்று சென்செய் மாமாவிடம் ஜப்பானிய மொழியில் கேட்டிருக்க வேண்டும். மாமா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். சென்செய் மறுபடியும் ஒரு கேள்வி கேட்டார், சின்னக் கேள்வி. மாமா கையை மட்டும் ஆட்டி, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோலக் காட்டினார். சென்செய் மாமாவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வலி திரும்பிவிட்டது என்று அம்மா இன்னொரு குவளை கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் சென்செய் கவலை. என் பரீட்சையைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. மாமா இந்த ஒரு சின்ன விஷயத்தை ஞாபகம் வைத்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது. ரயிலும் குப்பையும் ஞாபகம் இருக்கிறதாம், சாப்பாடு மறந்து போச்சாம். மாமா ஜப்பானுக்கே போகவில்லை, எங்கேயோ இருந்துவிட்டு வந்து கதை விடுகிறார் என்று நான் அண்ணாவிடம் சொன்னேன். அதற்காக மாமாவின் பட ஆல்பத்தைக்கூட எடுத்துப் பார்த்தேன். படங்கள் இருந்தன. ஜிம் வாசலில் மாமா, பனியில் சைக்கிளோடு மாமா, தொழிற்சாலை கேட்டில் மாமா, குளிர்பானம் விற்கும் மெஷினுக்குப் பக்கத்தில் மாமா. எல்லாப் படத்திலும் பின்னால் ஜப்பான்தான். என் வாதம் அத்தோடு தோற்றது.

சென்செய் கஞ்சி குடித்து எழும்பி நடமாடியபோது மிஞ்சியது ஒரே ஒரு காலை, அவர் புறப்படும் நாள். அன்று மண்டபத்தில் ஒரு சாமத்திய வீடு, யாரோ ஒரு பிள்ளையின் பூப்புச் சடங்கு. மண்டபம் சோடிக்கிறவர்கள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று காவலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விடிய முன்னரே போனோம். பெட்டிகள் கடைசியில் திறந்தன. சின்னக் கவசத்துக்குச் சீட்டுப் போட்டதில் முதலாவது நான். வங்கி அண்ணன் பின்னால் நின்று கயிறுகளை இறுக்கிக் கட்டினார். தலைக்கவசத்துக்குள் இன்னொருவருடைய பழைய வியர்வையும் மூங்கிலும் மணத்தன. கம்பிகளுக்கு இடையால் உலகம் கோடு கோடாகத் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் சென்செய் என்னைக் கூப்பிடவில்லை. மாமாவைக் கூப்பிட்டார்.

கெண்டோவில் ஆசிரியர் மேல்பக்கம் உட்காருவார், மாணவர் கீழ்ப்பக்கம், கதவோரமாக. இரண்டு கிழமையாக அப்படித்தான். அன்று சென்செய் கதவோரமாகப் போய் முழங்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, மாமாவை மேல்பக்கம் போகச் சொன்னார். மாமா மாட்டேன் என்றார். சென்செய் எழும்பவில்லை. இருவரும் மாறி மாறி மறுத்துக்கொண்டிருந்தார்கள். போங்கோ மாமா, நேரம் போகுது என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கடைசியில் மாமா போய் உட்கார்ந்தார். சென்செய் இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி, நெற்றி தரையைத் தொடக் குனிந்து, அப்படியே இருந்தபடி ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். மாமா மொழிபெயர்க்கவில்லை. எங்களுக்கு ஒரு சொல் விடாமல் மொழிபெயர்ப்பவர், அன்று வாயே திறக்கவில்லை.

பிறகு இருவரும் தலைக்கவசத்தைக் கட்டிக்கொண்டு மோதத் தொடங்கினார்கள். கஞ்சி குடித்துப் பிழைத்த மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாமாவின் தலையிலும் கையிலும் அடி விழுந்துகொண்டே இருந்தது. மாமா விழுந்து எழும்பி மறுபடியும் போனார். அவருடைய சத்தம் மண்டபம் முழுக்க எதிரொலித்தது. நிறுத்துகிறார்களா என்றால் இல்லை. நான் கவசத்துக்குள் வெந்துகொண்டு நின்றேன். வெளியே ஒரு லொறி வந்து நின்றது. பூமாலைகளும் ரோஸ் நிறச் சிம்மாசனமும் பிளாஸ்டிக் கதிரைகளும் படியேறின. சோடிக்கிறவர்கள் கதிரைகளைத் தலையில் வைத்தபடியே வாய் பிளந்து பார்த்தார்கள். காவலாளி கையைத் தட்டினார். அத்தோடு எல்லாம் முடிந்தது.

என் பரீட்சை நடக்கவில்லை. சென்செய் என் முன்னால் வந்தும் குனிந்து, ஏதோ சொன்னார். அடுத்த வருடம் முதலாவது நீதானாம் என்றார் மாமா. அடுத்த வருடம் அவர் வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை. கவசத்தை நானும் கொட்டாஞ்சேனைப் பையனும் மாறி மாறிப் போட்டோம். அவன் கழற்றிய பிறகு அது எப்போதும் ஈரமாக இருக்கும். அந்த எரிச்சல் எனக்கு இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

அன்று மாமா தலைக்கவசத்தைக் கழற்றாமலே படியிறங்கி, அப்படியே ஒழுங்கையில் நடந்தார். பால் வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. சென்செய் என்ன சொன்னவர் என்று பக்கத்தில் ஓடிக்கொண்டே கேட்டேன். "சும்மா, பழைய கதை" என்று கம்பிக்குள்ளிருந்து பதில் வந்தது.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு எல்லாரும் வழியனுப்பப் போனோம். சென்செய் அம்மாவுக்குக் குனிந்தார், அப்பாவுக்குக் குனிந்தார். கடைசியாக மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டு வாசலில் தினமும் கேட்டுக் கற்றுக்கொண்ட தமிழில், மிகத் தெளிவாக, "உள்ள வாங்கோ" என்றார். புறப்பட்டுப் போகிறவர் உள்ளே வாங்கோ என்கிறாரே என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். போயிட்டு வாறன் என்பதற்குப் பதிலாக மாறிச் சொல்லிவிட்டார் என்று அம்மா விளக்கினார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. வான் வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு 'ஜப்பானில எண்டால்'கூட இல்லாததை அப்பா கவனித்துச் சொன்னார்.

இப்போது நான் நோர்வேயில் ஒரு சின்ன ஊரில் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். வந்து நான்காவது வருடம். நல்ல மனிதர்கள். லிஃப்டில் சிரிப்பார்கள், பனியில் என் சைக்கிள் வழுக்கினால் ஓடிவந்து தூக்கிவிடுவார்கள். வேலை முடிந்ததும் நாளை சந்திப்போம் என்று அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் அம்மாவுக்கு அனுப்பும் படங்களில் ஆய்வுகூட வாசல் இருக்கும், பனி இருக்கும், சைக்கிள் இருக்கும்.

போன கிழமை அம்மா போனில் கேட்டார், "அங்கத்தைச் சனம் வீட்டில என்ன பிள்ளை சாப்பிடுவினம்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். எனக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் ஒரு வீட்டு மேசையில்கூட நான் உட்கார்ந்ததில்லை. யாரும் வாங்கோ என்று சொன்னதில்லை. சூப்பர் மார்க்கட் தட்டுகளில் பார்த்ததுதான் எனக்குத் தெரிந்த சாப்பாடு. அந்த அமைதிக்குள் மாமாவின் முகம் வந்து நின்றது. ஏழு வருடம், ஒரு நாள்கூட, ஒருவர் வீட்டிலும் அவருக்கு ஒரு தட்டு வைக்கப்படவில்லை. வைத்திருந்தால்தானே மறப்பதற்கு. என் முயல்குட்டி விரிப்பில் கிடந்தபடி சென்செய் அதைக் கேட்டுத்தான் கண்ணை மூடினார். தானும் மாமாவை ஒரு நாளும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கும்.

"என்ன பிள்ளை, லைன் கட்டாகிட்டுதோ?" என்றார் அம்மா.

"இல்லை அம்மா. சோறு இல்லை, மற்றதெல்லாம் எங்கட மாதிரித்தான். நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றேன்.